ஓரியின் அம்பும் கொல்லிமலையின் விலங்குகளும்

கொல்லிமலையைப் பற்றித் தமிழர் சொல்லிவரும் கதைகளுள் மிகப் பழையதும் மிகப் பரவலாக அறியப்பட்டதும் ஒரு வேட்டையின் கதை. வன்பரணர் என்னும் சங்கப் புலவர் இசைவாணர் கூட்டத்தோடு காட்டு வழியில் சென்றுகொண்டிருக்கையில், யாரென்று அறியாத ஒரு வேட்டுவன் விடுத்த ஒரே கணை முதலில் ஒரு யானையை வீழ்த்தி, பின் ஒரு புலியைக் கொன்று, அதன்பின் புள்ளிக் கலைமான் ஒன்றையும் காட்டுப்பன்றி ஒன்றையும் ஊடுருவி, கடைசியில் பக்கத்துப் புற்றிலிருந்த உடும்பின் உடலில் தைத்து நின்றதாம். வேட்டையாடிய மானின் இறைச்சியையும் மதுவையும் மலையிற் பிறந்த பொன்னையும் மணிகளையும் கொடுத்துவிட்டுத் தன் பெயரைக்கூடச் சொல்லாமல் நின்ற அந்த வேட்டுவன், கொல்லிக்குத் தலைவனாகிய வல்வில் ஓரியே என்று புலவர் தெளிந்தாராம். புறநானூற்றின் 152-ஆம் பாட்டு தரும் செய்தி இது. இன்றைக்கும் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அவன் பெயரால் அரசு விழா எடுக்கிறது. விழாவில் வில்வித்தைப் போட்டியும் நடைபெறுகிறது.

இப்பாட்டை ஓரியின் வில்லாற்றலுக்கும் வள்ளன்மைக்கும் சான்றாகவே நாம் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்திருக்கிறோம். ஒரே அம்பு ஐந்து உடல்களை ஊடுருவியது என்பது உயர்வு நவிற்சி என்பதில் யாருக்கும் சந்தேகம் இராது. ஆயினும், புலவர் மிகைப்படுத்தியது அம்பின் வேகத்தைத்தான். யானையும் புலியும் மானும் பன்றியும் உடும்பும் ஒரே வனத்தில், ஒன்றுக்கொன்று அண்மையில் இருந்தன என்பதை அவர் மிகைப்படுத்தவில்லை. அது கேட்போருக்கு இயல்பாக இருந்தமையால்தான் அதன்மேல் நின்று அவரால் அம்பைப் பற்றிப் பாட முடிந்தது. இந்தப் பார்வையில் படிக்கும்போது அந்தப் பாட்டு, ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கொல்லிச் சாரலில் வாழ்ந்த பிராணிகளைப் பற்றிய ஒரு சாசனமாக எனக்குத் தோன்றுகிறது. அம்பு எந்த வரிசையில் சென்றதோ, ஏறத்தாழ அந்த வரிசையிலேயே மலையும் தன் விலங்குகளை இழந்துகொண்டு வந்திருக்கிறது என்பதுதான் அதைப் படித்து முடிக்கும்போது மனத்தை உறுத்தும் விஷயம்.

முதலில் யானையைப் பார்ப்போம். ஓரியைப் பாடிய மற்றொரு புலவரின் பெயர் கழைதின் யானையார். கழை என்றால் மூங்கில். புறநானூற்றின் 204-ஆம் பாட்டு அவருடையது. மூங்கில் தின்னும் யானை ஒரு புலவருக்குப் பெயராக அமையும் அளவுக்கு அக்காட்சி அக்காலத்து மக்களுக்குப் பழக்கமாக இருந்தது. வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாத தழையும் புல்லும் பட்டையும் உண்ணும். ஒரு கூட்டம் ஆண்டு முழுவதும் நடமாடி வாழ்வதற்கு நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் நிலம் வேண்டும். கோடையில் நீருள்ள பள்ளத்தாக்குகளுக்கும், மழை பெய்தபின் புல் தளிர்த்த மேட்டுக்கும் அது மாறி மாறிச் செல்லும். ஆகவே கொல்லியில் யானை இருந்ததென்றால், 1000 முதல் 1300 மீட்டர் உயரமுள்ள இந்த மலை அன்று தனித்து நிற்கவில்லை. சுற்றியுள்ள சமவெளியிலும் காடு இருந்தது, மலைக்கு மலை யானை நடந்து செல்லும் பாதையும் இருந்தது என்று கொள்ளுதலே பொருத்தம்.

ஓரியின் முடிவு யாவரும் அறிந்ததே. திருக்கோவலூர்த் தலைவனாகிய மலையமான் திருமுடிக்காரி அவனைப் போரிற் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான். பின்னர்த் தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையின் புகழிலும் கொல்லி இடம்பெறுகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் குலசேகர ஆழ்வாரும் தம்மைக் கொல்லிக்குக் காவலன் என்று சொல்லிக்கொள்கிறார். ஒரு மலையை இத்தனை பேர் இத்தனை காலம் தமது என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டதற்கு அதன் தேனும் பலாவும் பொன்னும் மட்டும் காரணமாக இருந்திருக்குமென்று நான் நினைக்கவில்லை. போர்க்களத்தில் அரணாக நின்றதும், கடல் கடந்து விலைபோன தந்தத்தைத் தந்ததும் யானையே. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததும் இன்று வியன்னாவில் பாதுகாக்கப்படுவதுமான ஒரு பாப்பிரஸ் ஏடு, சேரர் துறைமுகமாகிய முசிறியிலிருந்து எகிப்து சென்ற ஹெர்மபோலோன் என்ற கப்பலின் சரக்கை விவரிக்கிறது. அச்சரக்கில் யானைத் தந்தமும் இருந்தது. அந்தத் தந்தங்கள் எந்தெந்த மலையில் விழுந்த யானைகளுடையவை என்று ஏடு சொல்வதில்லையாயினும், சேரர் ஆண்ட மலைகளுக்கும் மேலைக் கடலுக்கும் இடையே ஓடிய வணிகத்தின் தன்மையை அது நன்கு காட்டுகிறது.

விலங்கைக் காத்தல் என்ற எண்ணம் அக்காலத்தில் இல்லாமற் போகவில்லை. வடக்கே அர்த்தசாஸ்திரம் யானை வனங்களைத் தனியே வகுத்து, காவலரை நியமித்து, யானையைக் கொன்றவனுக்கு மரண தண்டனை விதிக்கச் சொல்கிறது. அசோகர் தம் ஐந்தாவது தூண் சாசனத்தில், கிளியும் வௌவாலும் ஆமையும் முள்ளம்பன்றியும் போன்ற பல பிராணிகளைக் கொல்லலாகாது என்று பட்டியலிட்டு, குறிப்பிட்ட புண்ணிய தினங்களில் யானை வனங்களிலும் மீன் பிடிக்கும் நீர்நிலைகளிலும் வேறு உயிர்களையும் கொல்லக் கூடாதென்று ஆணையிட்டார். இவ்விரண்டையும் ஒன்றாக நிறுத்திப் பார்க்கும்போது ஒரு வேற்றுமை புலப்படும். அர்த்தசாஸ்திரம் காக்க நினைத்தது அரசனின் படைக்கு வேண்டிய யானையை. அசோகர் காக்க நினைத்தது அரசனுக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லாத சிற்றுயிர்களையும். இவ்விரண்டு நோக்கங்களும் பிற்காலத்துச் சட்டங்களிலும் மாறி மாறித் தலைகாட்டுவதை நாம் காணப் போகிறோம்.

இன்று கொல்லியில் காட்டு யானை இல்லை. ஒரு நாளில் ஒரு வேட்டைக்காரனால் நேர்ந்த அழிவன்று இது, காலக்கிரமத்தில் நடந்தது. இராசிபுரமும் சேந்தமங்கலமும் நாமகிரிப்பேட்டையும் துறையூரும் ஊர்களாகி, ஏரி வெட்டி வயலாகி, சமவெளிக் காடு சுருங்கச் சுருங்க, மலை ஒரு தீவாயிற்று. தீவில் அகப்பட்ட யானைக் கூட்டம் பெருகுவதில்லை. இருபத்திரண்டு மாதம் சூல் சுமந்து, நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு கன்று ஈனும் பிராணியாகையால், குழி வெட்டிப் பிடிப்பதும் தந்தத்துக்காகக் கொல்வதும் சிறிதளவே நடந்தாலும் அக்கூட்டம் ஈடுகொடுக்க இயலாது. மேலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம் ஜில்லாவின் காடுகளுக்கு நேர்ந்த கதி மிகக் கொடியது. சேலத்தில் கும்பினியின் வணிக அதிகாரியாக இருந்த ஹீத் என்பவர் 1830-களில் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலைக்கு வேண்டிய கரி மரத்திலிருந்தே எரிக்கப்பட்டது. காவிரிக் கரையில் பூலாம்பட்டியிலும் அந்நிறுவனத்துக்கு உலை இருந்தது. அடுத்த தலைமுறையில் ரயில் வந்து, தண்டவாளத்தின் கீழ் இடும் கட்டைக்கும் எஞ்சினின் வயிற்றுக்கும் அதே ஜில்லாவின் மரங்கள் வெட்டப்பட்டன. மதராஸ் வனச் சட்டம் 1882-இல் இயற்றப்படும்போது காப்பதற்கு மிஞ்சியிருந்தது பழைய வனத்தின் ஒரு பகுதியே.

யானையைக் காப்பதற்கென்று இந்நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த முதற் சட்டம் நம் மதராஸ் ராஜதானியில்தான் பிறந்தது என்பதை நம்மவரில் பலர் அறியார். 1873-ஆம் ஆண்டின் முதலாவது சட்டமாகிய அது, காட்டில் பெண் யானையைக் கொல்வதைத் தடை செய்தது. ஆறு ஆண்டு கழித்து 1879-இல் இந்திய அரசு இயற்றிய யானைப் பாதுகாப்புச் சட்டம், தற்காப்புக்காகவோ பயிரைக் காப்பதற்காகவோ அன்றி, உரிமம் இல்லாமல் எந்த யானையையும் கொல்வதும் பிடிப்பதும் குற்றம் என்றது. பீரங்கியை இழுக்கவும் வெட்டுமரத்தைக் காட்டிலிருந்து இறக்கவும் அரசாங்கத்துக்கு யானை வேண்டியிருந்தது. ஆகவே அர்த்தசாஸ்திரத்தின் நோக்கமே இங்கும் மேலோங்கி நின்றது. இதைச் சொல்வதால் அச்சட்டத்தின் மதிப்பைக் குறைப்பதாக ஆகாது. எந்த நோக்கத்தால் பிறந்தாலும், தென்னாட்டு மேற்கு மலைகளில் இன்று யானை மிஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் கொல்லிக்கு அது வந்து சேர்ந்தபோது காரியம் கடந்துவிட்டது.

புலிக்கு அந்த அளவு கருணையும் கிடைக்கவில்லை. யானைக்குச் சட்டம் செய்த அதே ஆட்சியில் புலியின் தலைக்குப் பரிசுப் பணம் கொடுக்கப்பட்டது. ஜில்லாக் கச்சேரியில் தோலைக் காட்டிப் பணம் வாங்கிச் செல்வது ஒரு சாதாரண நடைமுறை. 1972-இல் எடுக்கப்பட்ட கணக்கில் நாடு முழுவதிலும் 1,827 புலிகளே இருந்தன என்று தெரிந்தபின்புதான் அவ்வாண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அடுத்த ஆண்டு புலிகள் பாதுகாப்புத் திட்டமும் வந்தன. 2022-இல் அந்த எண் 3,682 ஆக உயர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் களக்காடு-முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை என்று ஐந்து புலிகள் காப்பகங்கள் இன்று உள்ளன. இவை யாவும் மேற்குத் தொடர்ச்சி மலையையோ அதை ஒட்டிய காட்டையோ சார்ந்தவை. கொல்லியும் சேர்வராயனும் கல்வராயனும் பச்சைமலையும் ஜவ்வாதும் அடங்கிய கிழக்கு மலைகளில் ஒன்றுமில்லை. நம் வன ஆர்வம் எப்போதும் மேற்கையே நோக்கிச் செல்வது எனக்கு நெடுநாளாகவே வருத்தம் தருகிறது. தமிழில் இயற்கையைப் பற்றி எழுதிய முன்னோடியும், தென்னிந்தியாவின் பெரிய பாலூட்டிகளைக் கால்நடையாக அலைந்து கணக்கெடுத்தவருமான மா. கிருஷ்ணன் போன்ற ஒருவர் இந்தக் கிழக்கு மலைகளுக்கென்றே இருந்திருப்பாரானால் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன்.

யானை 1977-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 1986-இல் செய்த திருத்தம் இந்திய யானைத் தந்தத்தின் வியாபாரத்தை நிறுத்தியது. 1991-இல் ஆப்பிரிக்கத் தந்தமும் தடைக்குள் வந்தது. முசிறிக் கப்பலில் நாம் கண்ட வணிகத்துக்கு, ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் சென்றபின், இவ்வண்ணம் சட்டத்தில் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது.

மானையும் பன்றியையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேட்டை நாய்களுக்கும் கண்ணிகளுக்கும் மான் இரையாகிறது. பன்றியின் கதை வேறு. புலி இல்லாத இடத்தில் அது பெருகி மரவள்ளியையும் நிலக்கடலையையும் கிளறி உழவரை வாட்டுகிறது. 2025-இன் தொடக்கத்தில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று முறைப்படுத்த நேர்ந்தது. கொன்று தின்னும் விலங்கை அப்புறப்படுத்திவிட்டு, அதன் வேலையைத் துப்பாக்கியிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

உடும்பைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஓரியின் அம்பு கடைசியில் தைத்தது அதில். மனிதனின் பேராசை கடைசியில் வந்து சேர்ந்திருப்பதும் அதனிடமே. பாறை இடுக்கிலும் புற்றிலும் வாழும் இந்த எளிய பிராணியின் பிடிவலிமையைச் சொல்லி நாம் பழமொழி பேசுகிறோம். அதன் இறைச்சி முதுகு வலிக்கு நல்லது என்றும், அதன் எண்ணெய் மூட்டுக்கு மருந்து என்றும், அதன் நாக்கை உயிரோடு விழுங்கினால் பலம் வருமென்றும் நம்பிக் கொன்றோர் எண்ணற்றோர். இசைக்கலையும் இதில் பங்கேற்றது. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த கஞ்சிராவுக்குத் தோல் போர்த்தியது உடும்பின் உடலிலிருந்தே. நம் காலத்தில் வேறொரு கேடும் சேர்ந்திருக்கிறது: வடநாட்டுச் சந்தைகளில், செல்வம் தரும் அபூர்வ வேர் என்று சொல்லி ‘ஹத்தா ஜோடி’ என்ற பெயரால் விற்கப்படுவது, உண்மையில் ஆண் உடும்பின் உறுப்பை அறுத்து உலர்த்தியதே. வாங்குவோர் அதைப் பூஜையில் வைத்து வழிபடுகின்றனர்.

சட்டத்தின் பார்வையில் உடும்பு இன்று யானைக்கும் புலிக்கும் சமமாக முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொல்வோருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சர்வதேச வியாபாரமும் தடை செய்யப்பட்டிருக்கிறது. கஞ்சிராக் கலைஞர்களும் ஆட்டுத் தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் மாறிவருகிறார்கள். நாதத்தில் சிறிது குறைவு ஏற்படினும் அதைப் பொறுத்துக்கொண்ட அவர்களை மனமாரப் பாராட்ட வேண்டும். அரசனுக்கும் படைக்கும் உபயோகமற்ற ஒரு சிற்றுயிரை யானைக்குச் சமமாக நிறுத்திய இந்தச் சட்டத்தில், அர்த்தசாஸ்திரத்தின் நோக்கத்தை மீறி அசோகரின் நோக்கம் வெளிப்படுகிறது. இருந்தும் மலையடிவாரச் சந்தைகளில் உடும்பு இன்னும் இரகசியமாகக் கைமாறுகிறது என்பதை வனத்துறையின் வழக்குகள் பற்றிச் செய்தித்தாள் படிப்போர் அறிவர்.

கொல்லியின் மேல்நிலத்தில் வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து வாழும் மலையாளிப் பழங்குடியினர், காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவரின் வழிவந்தோர் என்று தம் முன்னோரைப் பற்றிச் சொல்வர். அவர்களும் வேட்டை அறிந்தவர்களே. ஆனால் அவர்களுடைய ஊர்களில் தெய்வத்துக்கென்று விடப்பட்ட கோயில் காடுகள் உள்ளன. அவற்றுக்குள் மரம் வெட்டுவதும் செருப்போடு நுழைவதும் வழக்கமில்லை. காப்பியும் மிளகும் அன்னாசியும் சாமை வயல்களைத் தின்றுகொண்டு பரவிய காலத்திலும், மேட்டூர் அலுமினிய ஆலைக்காக மலைமுகடுகளில் பாக்ஸைட் தோண்டிய காலத்திலும், பழைய சோலையின் மரங்களும் கொடிகளும் சிற்றுயிர்களும் அந்தச் சிறு துண்டுகளில் ஒதுங்கி நின்றன. அறப்பளீசுவரர் கோயிலருகே ஓடும் ஐயாற்றிலும் இதே முறைதான். அறுத்த மீன் மறுபடி பொருந்தி உயிரோடு நீந்திற்று என்பது அத்தலத்தின் ஐதிகம். ஆகாய கங்கை அருவியாக விழுவதற்கு முன் கோயிலையொட்டிச் செல்லும் அந்த நீரில் உள்ள மீன்களைத் தெய்வ அம்சமாக மதித்து யாத்திரிகர்கள் இரை போடுவரே அன்றி எவரும் பிடிப்பதில்லை. சட்டம் எழுதப்படுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, காவலரும் அபராதமும் இல்லாமல், ஓர் ஆற்றின் ஒரு துறை சரணாலயமாக இருந்துவந்திருக்கிறது.

கிழக்கு மலைகளை யானை முற்றிலும் மறந்துவிட்டதா என்றால், இல்லை. 1980-களில் ஓசூர்-தர்மபுரிக் காட்டிலிருந்து புறப்பட்ட சில கூட்டங்கள், பல தலைமுறைகளாக யானையே காணாத ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவுக்குள் நுழைந்து தங்கின. அவற்றுக்காகவே 1990-இல் கௌண்டின்யா சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த வேறு ஆறு யானைகள் ஜவ்வாது மலையைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டன. அங்குள்ள உழவர்க்கு யானையோடு வாழும் பழக்கம் அற்றுப்போய் நெடுங்காலம் ஆகிவிட்டது; கரும்பும் நெல்லும் அழிந்தன; கூக்குரல் எழுந்தது. 2013-இல் வனத்துறை கும்கி யானைகளைக் கொண்டுவந்து, மயக்க ஊசி செலுத்தி, அந்த ஆறையும் திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டப் பகுதிகளில் பிடித்து ஆனைமலைக்கும் முதுமலைக்கும் கொண்டு சென்றது. உழவரின் நஷ்டம் உண்மையானது. அதிகாரிகளின் இக்கட்டும் உண்மையானது. என்றாலும் அந்த யானைகள் திசை தவறி அலைந்தன என்று அப்போது பலர் எழுதியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மலைக்கு மலை நடந்து செல்லும் தம் இனத்தின் பழைய இயல்பையே அவை பின்பற்றின.

தமிழ்நாட்டில் 2023-இல் 2,961 ஆக இருந்த காட்டு யானைகளின் எண்ணிக்கை 2024-இல் 3,063 என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. எண் கூடினால் இடம் கேட்கும். 2014-இல் காவிரி வடக்குச் சரணாலயமும் 2022-இல் 686 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காவிரி தெற்குச் சரணாலயமும் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் ஏற்பட்டது நல்ல ஏற்பாடு. அங்கிருந்து கிழக்கே சித்தேரி, சேர்வராயன், போதமலை, கொல்லி என்று மலைகள் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன. சேர்வராயனுக்கும் போதமலைக்கும் நடுவே சேலம்-ஆத்தூர் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஓடுகின்றன. போதமலைக்கும் கொல்லிக்கும் நடுவே நாமகிரிப்பேட்டைப் பக்கத்து மஞ்சள் வயல்களும் மரவள்ளிக் காடுகளும் கிடக்கின்றன. யானை இந்த வழியே கொல்லிக்கு வர வேண்டுமென்று இன்று எந்த உழவரிடமும் கேட்கும் துணிவு எனக்கில்லை. ஆனால் கரடியும் மானும் உடும்பும் மலைவிட்டு மலை போவதற்கு அவ்வளவு அகலமான வழி தேவையில்லை. அடிவாரத்து ஓடைக்கரைகளையும் புறம்போக்குப் புதர்களையும் கோயில் காடுகளையும் இப்போதுள்ள அளவிலேனும் அளந்து எல்லைக்கல் நட்டு விட்டுவைத்தாலே போதும். அந்த அளவையை வனத்துறையும் வருவாய்த் துறையும் மலைநாட்டு ஊராட்சிகளும் ஒன்றாக அமர்ந்து இந்த ஆண்டிலேயே தொடங்கலாம்.